முன்பாரம் எங்கே இறங்குகிறது? கேரவனும் படகும் இழுக்கும் கொளுவிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை ஏற்றும் கைவண்டியைச் சற்று நின்று பார்த்தவர்களுக்கு ட்ரெய்லர் இழுக்கும் வித்தையில் பாதி ஏற்கெனவே தெரியும். அது இரண்டு சக்கர வண்டி. நாட்டாமைத் தொழிலாளி மூட்டைகளைக் கண்டபடி அடுக்குவதில்லை. கடைசி மூட்டையை வைத்ததும் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை நிமிர்த்திப் பார்ப்பார். கைப்பிடி தானாக மேலே கிளம்பினால் வண்டி பின்பாரம் என்று பொருள். ஒரு மூட்டையை முன்னுக்குத் தள்ளுவார். கை கீழே அமுங்கினால் முன்பாரம் கூடிவிட்டது. ஒன்றைப் பின்னுக்கு இழுப்பார். கைக்குள் கொஞ்சம் பாரம் நிற்க வேண்டும், ஆனால் அது கையை முறிக்கக் கூடாது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கும் இதே கணக்குத்தான்: பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை மேலே இழுக்கும், முன்பாரம் ஏறினால் கழுத்தை அழுத்தும்.

மோட்டார் வாகனத்தின் பின்னால் கேரவன் என்ற இழுவை வீட்டையோ படகையோ கட்டி இழுக்கும்போதும் இந்த முன்பாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாகனத்தையும் ட்ரெய்லரையும் இணைக்கும் உறுப்பை ஆங்கிலத்தில் ஹிட்ச் என்பார்கள்; கொழும்புக் கராஜ்களில் டோ பார், டோ ஹூக் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நம் வாயில் இயல்பாக வரும் கொளுவி என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் பயன்படுத்துகிறேன். கொளுவிகளில் பல வகை உண்டு என்பதைக் கேள்விப்பட்டவுடன் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, எது அதிக எடையை இழுக்கும் என்பதே. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம். ட்ரெய்லரின் முன்பாரம் இழுக்கும் வாகனத்தின் எந்த இடத்தில் வந்து இறங்குகிறது என்று முதலில் கேட்டால் வகைகள் ஒவ்வொன்றும் ஏன் தோன்றின என்பது தானாக விளங்கிவிடும்.

நம் வீதிகளில் கேரவன் அரிது. கொழும்பில் ட்ரெய்லர் என்றால் பொல்கொட வாவிக்கோ நீர்கொழும்புக்கோ போகும் படகும் ஜெட் ஸ்கீயும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். ஆனால் வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவருக்கு ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இலண்டனிலோ ஒரு சகோதரர் இருப்பார். கோடை விடுமுறைக்குக் கேரவன் வாங்கும் யோசனை அவர்களில் பலருக்கும் வருகிறது. என் மனைவியின் தம்பி ஸ்காபரோவிலிருந்து சென்ற வருடம் அப்படித்தான் ஒரு படத்தை அனுப்பி, “அத்தான், எட்டாயிரம் இறாத்தல் இழுக்கும் என்று இதில எழுதியிருக்கு, போதும்தானே?” என்று கேட்டார். படத்தில் இருந்தது ஒரு இரும்புச் சதுரக் குழாய். அவருக்கு எழுதிய பதில்களைத் தொகுத்து விரித்ததே இந்தக் கட்டுரை.

அந்தச் சதுரக் குழாயிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் வட அமெரிக்காவில் சிறிய, நடுத்தர ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை அதன் வழியாகவே இழுக்கப்படுகின்றன. அதன் பெயர் ரிசீவர். வாகனத்தின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய குறுக்குச் சட்டமொன்றின் நடுவில், பின்னோக்கி வாய் திறந்தபடி அது இருக்கும். அதற்குள் ஓர் இரும்புத் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு பின்னைக் கோத்து, பின் கழன்றுவிடாமல் சிறு கிளிப் ஒன்றையும் மாட்டுவார்கள். தண்டின் மறுமுனையில் ஒரு இரும்புப் பந்து நிற்கும். ட்ரெய்லரின் ஏர்க்கால் முனையில் உள்ள கிண்ணம் அந்தப் பந்தின் மேல் கவிழ்ந்து, உள்ளே இருக்கும் ஒரு தாடையால் அதைக் கௌவிக்கொள்ளும். பந்தின் மேல் கிண்ணம் எந்தப் பக்கமும் அசையும் என்பதால் வளைவிலும் ஏற்ற இறக்கத்திலும் ட்ரெய்லர் தன் போக்கில் திரும்ப முடிகிறது. தண்டை மாற்றினால் பந்தின் உயரம் மாறும். ட்ரெய்லர் தரைக்குச் சமாந்தரமாக நிற்கும் உயரத்தைத் தெரிவு செய்வதற்கே இந்த வசதி.

ரிசீவர்களை அமெரிக்காவில் ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாம் வகுப்பு 2,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 900 கிலோகிராம் வரை. இரண்டாவது 3,500 இறாத்தல், சுமார் 1,590 கிலோகிராம். இவ்விரண்டிலும் குழாயின் வாய் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலச் சதுரம். மூன்றாம் வகுப்பு 8,000 இறாத்தல் வரையும் நான்காம் வகுப்பு 10,000 இறாத்தல் வரையும் போகும். இவற்றின் வாய் இரண்டு அங்குலம். அதற்கும் மேற்பட்டவை ஐந்தாம் வகுப்பு. இறாத்தல் என்றதும் நமக்குப் பாண்தான் நினைவுக்கு வரும் என்றாலும், அங்கே விற்கும் கொளுவிகளில் இன்றும் அந்த அலகையே பொறிக்கிறார்கள்.

இனி மைத்துனருக்கு நான் முதலில் சொன்னது. கொளுவியில் பொறித்த எண் கொளுவியின் பலத்தை மட்டுமே சொல்கிறது. வாகனம், ரிசீவர், தண்டு, பந்து, கிண்ணம் என்று ஐந்து உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இவை ஒவ்வொன்றிலும் ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் மிகச் சிறியது எதுவோ அதுவே உங்கள் எல்லை. அவருடைய வாகனத்தின் கையேடு 5,000 இறாத்தல் இழுவை, 500 இறாத்தல் முன்பாரம் என்று சொன்னது. அப்படியானால் 8,000 இறாத்தல் கொளுவியை மாட்டினாலும் அவர் இழுக்கக்கூடியது 5,000 இறாத்தலே. மூன்றாம் வகுப்புக் கொளுவிகள் பலவற்றின் பட்டியில் இரண்டு எண்கள் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்: வெறும் பந்தை மாட்டி இழுப்பதற்கு ஒரு சிறிய எண், பாரம் பகிரும் சட்டங்களோடு இழுப்பதற்கு ஒரு பெரிய எண். அவர் படித்தது பெரியதை.

அது என்ன பாரம் பகிர்தல் என்பதற்குப் போகுமுன் முன்பாரம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். வட அமெரிக்க வழக்கத்தில், பந்தின் மேல் ஏறும் சாதாரண ட்ரெய்லருக்கு, சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் பந்தின் மேல் அழுத்த வேண்டும் என்பார்கள். 1,500 கிலோகிராம் கேரவன் என்றால் 150 முதல் 225 கிலோகிராம். பிரித்தானியாவில் இதே கேரவனுக்கு 5 முதல் 7 வீதம் போதும் என்பது பொதுவான அறிவுரை. அங்குள்ள வாகனங்கள் பல 75 அல்லது 100 கிலோகிராமுக்கு மேல் பந்தில் ஏற்றவே அனுமதிப்பதில்லை. ஒரே பௌதிகம் இரு கரைகளில் இரண்டு எண்களைச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். பிரித்தானியாவில் கேரவன் இழுக்கும் கார், நெடுஞ்சாலையில்கூட மணிக்கு 60 மைலுக்கு மேல் போகக் கூடாது. கேரவன்களும் எடை குறைந்தவை. கிண்ணத்துக்குள்ளேயே உராய்வுத் தகடுகள் பதித்த, ஆட்டத்தை அடக்கும் கொளுவிகள் அங்கே பரவலாக உள்ளன. வேகம் கூடக் கூட முன்பாரத்தின் தேவையும் கூடுகிறது என்று புரிந்துகொண்டால் முரண்பாடு தீரும். எப்படியும், இலண்டன் உறவினர் சொல்லும் வீதத்தை ரொறன்ரோவில் பின்பற்ற வேண்டாம். ரொறன்ரோ வீதத்தை இலண்டனில் கேட்டால் கார் தாங்காது.

முன்பாரம் குறைந்தால் என்ன ஆகும்? கைவண்டியில் என்றால் கைப்பிடி எழும்பும், அவ்வளவுதான். மணிக்கு 90 கிலோமீற்றரில் போகும் ட்ரெய்லரில் நடப்பது வேறு. பின்பாரமான ட்ரெய்லர், காற்று வீச்சாலோ பெரிய பஸ் ஒன்று கடந்து போவதாலோ சற்று விலகினால் நேருக்கு வராமல் மறுபக்கம் தாண்டும்; பிறகு இப்பக்கம் இன்னும் அதிகமாகத் தாண்டும்; நாய் வாலை ஆட்டுவதுபோல் போய், கடைசியில் வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் குறைய விடுவதே வழி. ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் தனியாக இயக்கும் கருவி இருந்தால் அதை மெல்ல அழுத்தலாம். அப்போது ட்ரெய்லர் பின்னிருந்து இழுபட்டு நேராகும்.

முன்பாரம் கூடினாலும் ஆபத்து உண்டு, அது வேறு வகை. பாரம் பகிரும் கொளுவி பிறந்ததே இதற்காகத்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். வாகனத்தின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீற்றர் இருக்கிறது, பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் நிற்கிறது, பந்தின் மேல் 150 கிலோகிராம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுவர் பூங்காவில் உள்ள ஏற்றப் பலகை போல் வாகனம் பின் அச்சின் மேல் சாய்கிறது. முன் சக்கரங்களிலிருந்து 150-ஐ 1.2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்த 60 கிலோகிராம் பறிபோகிறது; அந்த 60-உம் சேர்ந்து பின் அச்சின் மேல் 210 கிலோகிராம் இறங்குகிறது. பந்தில் வைத்தது 150, பின் அச்சுக்குப் போவது 210! முன் சக்கரம் இலேசாவதால் ஸ்டியரிங்கின் பிடிப்புத் தளரும், முன் பிரேக்கின் வலு குறையும், இரவில் விளக்கொளி மரக்கிளைகளைத் தேடும். பந்து பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது என்ற ஒரே காரணத்தால் வரும் குறை இது.

பாரம் பகிரும் கொளுவியில் பந்தின் அடியிலிருந்து இரண்டு வில்லிரும்புச் சட்டங்கள் ஏர்க்காலின் இருபுறமும் பின்னோக்கி ஓடும். அவற்றின் முனைகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேலே இழுத்து ஏர்க்காலோடு பூட்டுவார்கள். கைவண்டியின் கைப்பிடியைப் பின்னால் நின்று தூக்கினால் வண்டி முழுதும் நிமிருமல்லவா, அதே வேலையைத்தான் இச்சட்டங்கள் செய்கின்றன. பின்புறம் தொய்ந்த வாகனத்தை நிமிர்த்தி, பாரத்தில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பகுதியை ட்ரெய்லரின் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன. மேற்படி கணக்கில் பந்துக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் இடையே 5 மீற்றர் என்று கொண்டு, முன் சக்கரங்கள் இழந்த 60 கிலோகிராமை முழுதாக மீட்கும் அளவுக்குச் சட்டங்களை இறுக்கினால், ட்ரெய்லர் அச்சுக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் போய்விடும்; பின் அச்சில் 210-க்குப் பதிலாக 120 அளவில் நிற்கும். முழுதாக மீட்க வேண்டும் என்பதில்லை. எவ்வளவு இறுக்குவது என்பதை வாகனத்தின் கையேட்டில் பார்க்க வேண்டும், ஏனெனில் சில வாகனங்கள் இக்கருவியைக் கட்டாயமாக்குகின்றன, சில மாட்டவே கூடாது என்கின்றன. இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. பாரம் பகிரும் கொளுவி வாகனத்தின் இழுவை எல்லையைக் கூட்டாது. தொய்வை நிமிர்த்தும், அவ்வளவே. பின்பாரமாக அடுக்கிய ட்ரெய்லரையும் அது திருத்தாது.

அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்கள் ரிசீவரின் வகுப்பு எண்களைத் தேடிக் குழம்ப வேண்டாம். ஐரோப்பியக் கொளுவியின் தகட்டில் இரண்டு எழுத்துகளைப் பார்க்கலாம். எஸ் என்பது பந்தில் ஏற்றக்கூடிய முன்பாரம், கிலோகிராமில். டி என்பது வாகனமும் ட்ரெய்லரும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும் விசைக்கான எல்லை, கிலோநியூட்டனில். வாகனத்தின் எடையையும் ட்ரெய்லரின் எடையையும் தொன்னில் எடுத்து, பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் டி வரும்: 2 தொன் வாகனத்துக்கும் 1.5 தொன் கேரவனுக்கும் அது ஏறத்தாழ 8.4. தகட்டில் உள்ள எண் அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கொளுவி போதாது.

பந்தின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே அகப்பட்டிருக்கிறேன். அமெரிக்க வழக்கில் மூன்று அளவுகள் பொதுவானவை: ஒன்றே ஏழெட்டில் அங்குலம், அதாவது 47.6 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம், 50.8 மில்லிமீற்றர், இரண்டே ஐந்து பதினாறில் அங்குலம், 58.7 மில்லிமீற்றர். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வழக்கமானது 50 மில்லிமீற்றர். அவுஸ்திரேலியாவில் மிகப் பாரமானவற்றுக்கு 70 மில்லிமீற்றர்ப் பந்தும் உண்டு. இலங்கையில் எந்த நாட்டுச் சாமானும் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் இவை எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சிறு படகுக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு பந்து வாங்கினேன்; கிண்ணம் பந்தின் மேல் அழகாகக் கவிழ்ந்தது, நெம்புகோலும் இறுகப் பூட்டியது. மொறட்டுவை தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்னால் இரும்பு வீதியில் உரசும் சத்தம் கேட்டது. ஏர்க்கால் பந்திலிருந்து துள்ளிக் கழன்று, அதை வாகனத்தோடு கோத்திருந்த பாதுகாப்புச் சங்கிலிகளில் தொங்கியபடி வந்துகொண்டிருந்தது. இறங்கிப் பந்தைத் துடைத்துப் பார்த்தால் அதன் உச்சியில் ஒன்றே ஏழெட்டு என்று பொறித்திருந்தது. கிண்ணத்தின் மேல் இரண்டு அங்குலம் என்று இருந்தது. இரண்டையும் வாங்கும்போதே வாசித்திருக்க வேண்டியவன் நான்தான். பெரிய பந்தில் சிறிய கிண்ணம் ஏறாது, ஆகவே அந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சிறிய பந்தில் பெரிய கிண்ணம் ஏறிவிடும், பூட்டிக்கொண்டதுபோல் நடிக்கும், பள்ளத்தில் கைவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. கிண்ணத்தைப் பூட்டிய பிறகு, ஏர்க்காலில் உள்ள ஜாக்கைச் சுழற்றி ஏர்க்காலை மேலே உயர்த்துங்கள். சரியாகப் பூட்டியிருந்தால் வாகனத்தின் பின்புறமும் கூடவே எழும்பும். கிண்ணம் மட்டும் எழும்பினால் பூட்டவில்லை. அரை நிமிட வேலை. என் ட்ரெய்லர் வாவியில் முடியாமல் வீதியில் நின்றதற்குக் காரணம் சங்கிலிகள். அவற்றை ஏர்க்காலுக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகும்படி மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் கழன்று விழும் ஏர்க்கால் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டில் போல் தங்கும், வீதியில் குத்தாது. பந்துக்கு கிரீஸ் பூசுவது வழக்கம். ஆனால் மேலே சொன்ன உராய்வுத் தகடு பதித்த ஐரோப்பியக் கிண்ணங்களுக்குப் பந்து உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், கிரீஸ் பட்டால் தகடுகள் வழுக்கும்.

இதுவரை பார்த்த அனைத்திலும் பந்து பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. பாரம் ஓர் அளவைத் தாண்டினால் இந்த இடமே பொருந்தாது. அப்போது கொளுவியைத் தூக்கிப் பின் அச்சின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் ஒருகொடவத்தையிலோ பேலியகொடையிலோ சிக்காதவர் கொழும்பில் யார்? அவற்றுள் ஒன்று கொள்கலன் இல்லாமல் வெறும் தலையாக ஓடும்போது, பின் சக்கரங்களுக்கு மேலே கிரீஸ் அப்பிக் கறுத்த ஒரு வட்டத் தகடு தெரியும். பின்புறம் குதிரை லாடம் போல் பிளந்திருக்கும். கொள்கலன் ஏறும் ட்ரெய்லரின் அடியில் கீழ்நோக்கி நிற்கும் தடித்த முளை, கிங் பின், அந்தப் பிளவுக்குள் நுழைந்ததும் உள்ளே தாடைகள் மூடிக்கொள்ளும். இதற்கு ஃபிஃப்த் வீல், ஐந்தாம் சக்கரம் என்று பெயர். நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் கிடைமட்டமாக வைத்த வளையத்தை ஐந்தாவது சக்கரமாக எண்ணி இட்ட பெயர் அது. குதிரை போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

கெப் வாகனத்தின் சாமான் தட்டில் இதன் சிறிய வடிவத்தைப் பொருத்தி, பெரிய கேரவன்களை இழுக்கிறார்கள். விமானத் துறையில் பெயர்பெற்ற கிளென் கேர்ட்டிஸ் 1920-களிலேயே காரின் பின்பகுதிக்கு மேல் வந்து இணையும் பயண ட்ரெய்லர்களைச் செய்தார். பாரம் நேராகப் பின் அச்சின் மேலோ அதற்குச் சற்று முன்னாலோ இறங்குவதால் ஏற்றப் பலகைக் கதை இங்கே இல்லை. முன் சக்கரம் தூக்காது, ட்ரெய்லர் வாலாட்டுவதும் வெகுவாகக் குறையும். அதனால் முன்பாரத்தையும் தாராளமாக வைக்கலாம்: மொத்த எடையில் 15 முதல் 25 வீதம் வரை. ஆனால் தாராளத்துக்கு விலை உண்டு. 5,000 கிலோகிராம் ட்ரெய்லருக்கு 20 வீதம் என்றால் 1,000 கிலோகிராம் சாமான் தட்டில் ஏறுகிறது. ஓட்டுநர், குடும்பம், பெட்டி படுக்கை எல்லாம் அதற்கு மேல். வாகனம் 7,000 கிலோகிராம் இழுக்கும் என்று விளம்பரத்தில் இருந்தாலும், அது எவ்வளவு சுமக்கும் என்று கதவோரப் பட்டியில் எழுதியிருக்கும் எண்தான் இங்கே முதலில் முட்டும். தட்டு நீளம் குறைந்த கெப் என்றால் கூர்மையாகத் திருப்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் இடிக்கும். திரும்பும்போது பின்னுக்கு நகரும் தண்டவாளம் பொருத்திய கொளுவி அதற்கென்றே விற்கப்படுகிறது. காருக்கும் சாதாரண ஜீப்புக்கும் இவ்வகை பொருந்தாது.

கூஸ்நெக் என்பதும் சாமான் தட்டின் நடுவிலேயே இணைகிறது, ஆனால் தகடும் முளையும் இல்லாமல் தட்டின் தரையில் ஒரு பந்து. ட்ரெய்லரிலிருந்து வளைந்து இறங்கும் கழுத்து அதன் மேல் அமரும். பயன்படுத்தாதபோது பந்தைக் கழற்றிவிட்டால் தட்டு முழுதும் காலியாகும். குதிரை, மாடு, இயந்திரம் ஏற்றுபவர்களுக்கே இது பெரிதும் உரியது.

பின்டில் என்பது கொக்கியும் வளையமும். இராணுவ லொறிகளின் பின்னால் தடித்த தாடையுடைய கொக்கி ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேடு பள்ளத்தில் எந்தக் கோணத்திலும் புரளும், முரட்டுப் பாரம் தாங்கும். ஆனால் வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே இடைவெளி இருப்பதால் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு அந்தச் சத்தம் வேண்டாம். வன்னியில் உழவு இயந்திரம் பெட்டியையும் தண்ணீர் பவுசரையும் இழுப்பது இதைவிட எளிய முறை: இரு தகடுகளுக்கு நடுவே ஏர்க்கால் கண்ணை வைத்து மேலிருந்து ஒரு முளையைச் செருகுவது. மெதுவாகப் போகும் வண்டிக்கு அது போதும். அதே முளையைப் பார்த்து ஊரில் ஒருவர் காருக்கும் ஒன்று செய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கரடுமுரடான பாதைக்கென்று அவுஸ்திரேலியர்கள் பந்தில்லாத வேறு இணைப்புகளைச் செய்திருக்கிறார்கள். டிஓ35 என்பது அவற்றுள் நன்கு அறியப்பட்டது, 3.5 தொன் வரைக்குமானது. மெல்பேர்ன் உறவினர் உட்பாலைப் பயணம் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் அடிபடும்.

பம்பரில் நேரடியாகப் பந்தைப் பொருத்துவதும் ஒரு வகைதான். அதற்கென்று பலமாகச் செய்த பம்பர் என்றால் மிக இலேசான ட்ரெய்லர்களுக்குப் பயன்படும். இன்றைய கார்களின் பம்பர் வெளியே தெரிவது பிளாஸ்டிக். அதில் வெல்டிங் அடிக்கவும் இரும்பு இல்லை.

பிரேக் பற்றி ஒரு சொல். பாரம் ஓரளவு கூடியதும் ட்ரெய்லருக்குத் தன் பிரேக் தேவைப்படும். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோகிராம் அந்த எல்லை. வாகனம் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னோக்கி மோதும் விசையாலேயே இயங்கும் பிரேக் ஐரோப்பாவில் வழக்கம்; அமெரிக்கக் கேரவன்களில் மின் பிரேக். முதல் வகை பிரேக்கோடு பாரம் பகிரும் சட்டங்களைப் பூட்டினால் அவை கிண்ணத்தின் முன்பின் அசைவைத் தடுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

மைத்துனர் கடைசியில் மூன்றாம் வகுப்பு ரிசீவரையும் பாரம் பகிரும் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, சாமானோடு 1,650 கிலோகிராம் வரும் ஒரு கேரவனை வாங்கினார். முன்பாரத்தை எப்படி நிறுப்பது என்று கேட்டார். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு 150 கிலோகிராமுக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரு பலகை உத்தியைச் சொன்னேன். தடித்த பலகையின் ஒரு முனையைத் தராசின் மேலும் மறுமுனையை அதே உயரக் கட்டையின் மேல் வைத்த குழாயின் மேலும் இருத்தி, குழாயிலிருந்து 30 சென்ரிமீற்றரும் தராசிலிருந்து 60 சென்ரிமீற்றரும் தள்ளி ஏர்க்கால் அமரும்படி செய்தால், தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். அவருக்கு 62 காட்டியது. மூன்றால் பெருக்க 186 கிலோகிராம், பதினொரு வீதத்துக்குச் சற்று மேல். 500 இறாத்தல் என்ற வாகன எல்லை ஏறத்தாழ 227 கிலோகிராம் என்பதால் அதற்கும் உள்ளே. மறுநாள் புறப்படுமுன் தண்ணீர்த் தொட்டியை 150 லீற்றர் நிரப்பி, என் சொற்படி மீண்டும் நிறுத்தார். தராசு 54-க்கு இறங்கியிருந்தது. தொட்டி ட்ரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. எடை 1,800 ஆகக் கூடியபோது முன்பாரம் 162 ஆகக் குறைந்து ஒன்பது வீதத்துக்கு வந்துவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டு வெறும் தொட்டியோடு கிளம்பினார்; கூடாரத் திடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொண்டாராம்.